கக்குவான் ஊசியின் வீரியம்

1992-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் தொடங்கி, 1996-ல் முடிவு வெளியான ஒரு பெரும் பரிசோதனையில், 14,000-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளிடையே, கக்குவான் இருமலைத் தடுக்கக்கூடும் என்று கருதப்பட்ட மூன்று வெவ்வேறு தடுப்பு மருந்துகளும், ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டுச் சிறு பகுதியினருக்குக் கக்குவான் மருந்து சேராத ஊசியும் போடப்பட்டு, அக்குழந்தைகள் அனைவரும் மாதக்கணக்கில் கவனமாகக் கண்காணிக்கப்பட்டனர். முதல் மருந்தில், கக்குவான் கிருமி சுரக்கும் பிரதானமான நஞ்சு, தீங்கு செய்யாதபடி இரசாயன முறையில் பக்குவப்படுத்தப்பட்டு, ஓர் ஊசிக்கு 25 மைக்ரோகிராம் வீதம் சேர்க்கப்பட்டிருந்தது. இரண்டாவதில் அதே நஞ்சு வேறொரு வழியில் பக்குவம் பெற்று 5 மைக்ரோகிராம் மட்டுமே இருந்தது. மூன்றாவது, கிருமியை முழுசாகவே கொன்று தயாரித்த பழைய வகை மருந்து. முதல் இரண்டிலும் துணையாக வேறு இரண்டு புரதங்களும் இருந்தன. அவையும் இரண்டாவதில் குறைவாகவே இருந்தன. அப்படியிருந்தும், இந்த இரண்டாவது மருந்து முதலாவதற்குச் சற்றும் இளைக்காமல், அதைப் போலவே நூற்றுக்கு 84 பங்கு பாதுகாப்பைத் தந்தது. கிருமியின் சகல அம்சங்களையும் தன்னுள்ளே அடக்கிய மூன்றாவது மருந்தோ நூற்றுக்கு 36 பங்குக்கு மேல் தரவில்லை.

மருந்து அதிகமானால் பலனும் அதிகமாகும் என்று நம்மில் பலர் இயல்பாக எண்ணுகிறோம். தடுப்பு மருந்துகளின் விஷயத்தில் அந்த எண்ணம் செல்லுபடியாவதில்லை. எந்தக் கிருமியை எடுப்பது, எதை ஊட்டி வளர்ப்பது, எந்த நாளில் அறுவடை செய்வது, எதைக் கொண்டு கொல்வது, கொன்றதை எதனோடு சேர்ப்பது, சேர்த்ததை எந்தக் குளிரில் வைப்பது என்று, வளர்ப்புக் குடுவைக்கும் குழந்தையின் தொடைக்கும் இடையே நடக்கிற காரியங்களின் வரிசை ஒன்று உண்டு. அந்த வரிசையில் எங்கே ஒரு பிசகு நேர்ந்தாலும், சீசாவில் மருந்தின் அளவு குறையாமலே இருக்க, வீரியம் மட்டும் கரைந்து போய்விடும். கக்குவான் ஊசியின் நூறாண்டுச் சரித்திரம் முழுவதும் இந்த ஒரே உண்மையைப் பலவிதமாகக் கற்றுக்கொண்ட சரித்திரம் என்றே நான் கருதுகிறேன். அந்தக் கல்விக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் பெரும்பாலும் குழந்தைகள் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கக்குவான் இருமலைக் கண்ட பெற்றோர் அதை மறப்பதில்லை. முதலில் சாதாரண ஜலதோஷம் போலத் தொடங்கி, ஓரிரு வாரங்களில் அடுக்கடுக்கான இருமலாக முற்றி, மூச்சு வாங்க இடைவெளியின்றிக் குழந்தை இருமி இருமி முகம் கறுத்து, இறுதியில் ஒரு கூவலோடு காற்றை உள்ளிழுத்து, பிறகு வாந்தியும் எடுத்து ஓய்கிற அந்த அவஸ்தை, வாரக்கணக்கில் நீடிக்கும். பிறந்து சில மாதங்களே ஆன சிசுக்களிடம் இந்தக் கூவல்கூடக் கேட்பதில்லை. இருமும் பலமும் இல்லாத அந்தப் பச்சிளம் உயிர் மூச்சை நிறுத்திவிடுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். கிருமி மூச்சுக் குழலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிர்களைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அது சுரக்கும் நஞ்சுதான் உடலெங்கும் பரவி, வெள்ளை அணுக்களை இரத்தத்தை விட்டு வெளியேறவிடாமல் தடுத்து, அவை தாறுமாறாகப் பெருகும்படி செய்கிறது.

இந்தக் கிருமியை 1906-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிரித்தெடுத்தவர்கள் ஜூல் போர்தே, ஒக்தாவ் ழாங்கூ என்ற இரு விஞ்ஞானிகள். உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், இரத்தம் ஆகியவை கலந்த ஒரு தனி ஊட்டத்தை அவர்கள் கண்டுபிடித்த பிறகே, மற்ற ஊட்டங்களில் வளர மறுத்த இந்தக் கிருமி தட்டில் வளர்ந்தது. கிருமி கிடைத்துவிட்டது, இனி அதைக் கொன்று ஊசியில் ஏற்றினால் ஆயிற்று என்று அடுத்த இருபது ஆண்டுகளில் பல ஆய்வுக்கூடங்கள் முயன்றன. சில மருந்துகள் பலித்தன, பல பலிக்கவில்லை. ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

அந்தப் புதிரின் முதல் முடிச்சை 1931-ல் லெஸ்லி, கார்ட்னர் என்ற இரு ஆங்கிலேயர்கள் அவிழ்த்தனர். நோயாளியின் தொண்டையிலிருந்து புதிதாக எடுத்த கிருமி ஒரு நிலையிலும், ஆய்வுக்கூடத்தில் மீண்டும் மீண்டும் தட்டு மாற்றி வளர்க்கப்பட்ட கிருமி படிப்படியாக வேறு நிலைகளிலும் இருப்பதை அவர்கள் கண்டு, அவற்றை நான்கு நிலைகளாக வகுத்தனர். முதல் நிலையிலுள்ள கிருமியே நோயை உண்டாக்கும் ஆயுதங்கள் எல்லாவற்றையும் தரித்திருக்கும். கடைசி நிலைக்குப் போனது, பெயரளவில் அதே கிருமியானாலும், ஆயுதங்களைக் களைந்துவிட்ட ஒன்று. ஆயுதமில்லாத கிருமியைக் கொண்டு தயாரித்த மருந்து, ஆயுதங்களை அடையாளம் காண உடலுக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கும்? வெறும் வெப்பநிலையும் ஊட்டத்திலுள்ள சில உப்புக்களுமே இக்கிருமி தன் நஞ்சைச் சுரப்பதையும் நிறுத்துவதையும் தீர்மானிக்கக்கூடும் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

இந்த அறிவைக் காரியத்தில் கொண்டுவந்த பெருமை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்டு ராப்பிட்ஸ் என்ற ஊரின் சுகாதாரத் துறை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண்மணிகளைச் சேரும். இருவரும் முன்னர் பள்ளி ஆசிரியைகள். இருவருமே சிறு வயதில் கக்குவானுக்கு ஆளாகித் தப்பியவர்கள். 1932-ல், நாடெங்கும் பொருளாதார மந்தத்தால் வேலையும் கூலியும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த காலத்தில், பகல் முழுதும் ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலையை முடித்துவிட்டு, மாலையில் ஊட்டம் பரப்பிய தட்டுகளை எடுத்துக்கொண்டு நோயுற்ற குழந்தைகள் இருந்த வீடுகளுக்குப் போவார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், இருமும் குழந்தையின் வாய்க்கு எதிரே சில அங்குல தூரத்தில் தட்டைப் பிடிப்பார்கள். தெறித்து விழுந்த துளிகளிலிருந்து சில நாட்களில் பாதரசத் துளிகளைப் போல மின்னும் சிறு கூட்டங்களாகக் கிருமி முளைக்கும். எந்தக் குழந்தை இன்னும் தொற்றைப் பரப்பும் நிலையில் இருக்கிறது என்பதை இதனால் அறிந்து சொன்னார்கள். தங்கள் மருந்துக்கு வேண்டிய புத்தம் புதிய, முதல் நிலைக் கிருமியையும் இவ்வாறே திரட்டினார்கள்.

அவர்கள் கிருமியைக் கொன்ற விதம் கவனிக்கத்தக்கது. கொதிக்க வைக்கவில்லை, பாதரசம் சேர்ந்த மெர்த்தியோலேட் என்னும் கிருமிநாசினியை மிகச் சிறிய அளவில் கலந்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, மெல்ல மெல்ல உயிர் ஒடுங்கும்படி செய்தார்கள். 1934-ல் தொடங்கிய அவர்களுடைய முதல் களப் பரிசோதனையில், ஊசி போட்டுக்கொண்ட 712 குழந்தைகளில் 4 பேருக்கும், போட்டுக்கொள்ளாத 880 குழந்தைகளில் 45 பேருக்கும் கக்குவான் கண்டது. பணமும் ஆளும் போதாமல் இரு பெண்கள் நடத்திய அந்தப் பரிசோதனை, ஒப்பீட்டுக்கென ஒரு கூட்டத்தை ஒழுங்காக வகுத்து வைத்துக்கொண்ட நேர்மையாலேயே, அன்று பல பெரிய கூடங்களிலிருந்து வந்த ஆரவாரமான அறிக்கைகளைவிட நிலைத்து நின்றது. பிற்பாடு அவர்களோடு சேர்ந்த லோனி கார்டன் என்ற கறுப்பினப் பெண் இரசாயன அறிஞர், எண்ணற்ற தட்டுகளைச் சலித்துப் பார்த்து வீரியம் மிக்க கிருமி வம்சங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

கொல்லும் முறையைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். பிற்காலத்து உற்பத்திக் கூடங்கள் சில, கிருமிக் குழம்பை 56 டிகிரி உஷ்ணத்தில் சிறிது நேரம் வைத்துக் கொன்றன. சில ஃபார்மலின் சேர்த்தன. சில குளூட்டரால்டிஹைடைப் பயன்படுத்தின. சில இரண்டு முறைகளை இணைத்துக்கொண்டன. 56 டிகிரியில் கிருமியின் ஒரு நஞ்சு, தோலைப் புண்ணாக்கும் குணமுடையது, அழிந்துவிடுகிறது. பிரதான நஞ்சு அந்த உஷ்ணத்தைத் தாங்கிக்கொண்டு, 80 டிகிரி அளவில்தான் முழுதாக வீழ்கிறது. ஆனால் அத்தனை சூட்டில் பாதுகாப்பைக் கற்பிக்க வேண்டிய மற்றப் புரதங்களும் வெந்து உருமாறிவிடுகின்றன. எனவே உற்பத்தியாளர் எந்த முறையைத் தேர்ந்தாலும், காய்ச்சலும் வீக்கமும் தரும் நஞ்சு எவ்வளவு எஞ்சலாம், காக்கும் சக்தி எவ்வளவு எஞ்ச வேண்டும் என்ற இரு கணக்குகளையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டியவராகிறார்.

இந்தக் கணக்கை அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அதையும் கென்ட்ரிக் குழுவினரே 1947-ல் தந்தனர். மூன்று நான்கு வாரமே ஆன சுண்டெலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, சோதிக்க வேண்டிய மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வோர் அளவாக வயிற்றில் செலுத்துவார்கள். பக்கத்திலேயே வேறு கூட்டங்களுக்கு, வீரியம் முன்பே நிர்ணயிக்கப்பட்ட ஓர் ஒப்பு மருந்தும் அதேபோல் செலுத்தப்படும். இரண்டு வாரம் சென்றபின், உயிருள்ள கக்குவான் கிருமியை எலிகளின் மூளைக்குள் நேராக ஊசியால் ஏற்றுவார்கள். முதல் சில நாட்களில் ஊசியின் அதிர்ச்சியாலேயே இறந்தவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன்பின் இரண்டு வாரம் நாள்தோறும் கூண்டுகளைப் பார்த்து, எந்த அளவு மருந்து பாதி எலிகளைப் பிழைக்க வைத்தது என்று கணிப்பார்கள். இந்தக் கிருமி எலிகளுக்கு இயற்கையாக வரும் நோய்க்குரியதும் அன்று, குழந்தைகளின் மூளையைத் தாக்குவதும் அன்று. இருந்தும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1946 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடத்திய களப் பரிசோதனைகளில், எலிகளைக் காத்த மருந்துகளே வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த குழந்தைகளையும் காத்தன என்பது கண்டறியப்பட்டது. அன்று முதல் ஓர் ஊசிக்குக் குறைந்தது 4 சர்வதேச அலகு என்பது முழுக்கிருமி மருந்தின் உலக நியதியாயிற்று.

எலியின் தீர்ப்பு எத்தனை தூரம் போகும் என்பதற்கு இத்தாலியின் 36 பங்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் உரிமம் பெற்று, வேண்டிய சோதனைகளில் தேறிய அதே மருந்து, அதே காலத்தில் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோமிலும் சோதிக்கப்பட்டு, அங்கும் பாதிக் குழந்தைகளைக்கூட முழுதாகக் காக்க முடியவில்லை. ஆப்பிரிக்காவின் செனகலில் சோதிக்கப்பட்ட வேறொரு தயாரிப்பாளரின் முழுக்கிருமி மருந்தோ நூற்றுக்கு 90 பங்குக்கும் மேலான பாதுகாப்பைத் தந்தது. இரண்டும் ஒரே வகையின. ஒரே கிருமியின் உடலைக் கொண்டவை. இத்தாலியில் தோற்ற மருந்தைப் பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில், கக்குவான் நஞ்சுக்கு எதிரான தற்காப்புப் பொருள் மிகச் சொற்பமாகவே உண்டாகியிருந்தது. முழுக்கிருமி மருந்து நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பவருக்கு, எந்தக் கூடத்தில், எந்தப் பக்குவத்தில் செய்தது என்று திருப்பிக் கேட்பதே பொருத்தமான விடை.

மருந்து செய்து முடித்த பின்னும் ஆபத்து தீர்வதில்லை என்பதற்கு, 1959 வாக்கில் அமெரிக்காவில் வெளிவந்த நால்வகைக் கூட்டு மருந்தின் கதை சான்று. தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் மூன்றோடு இளம்பிள்ளை வாத மருந்தையும் ஒரே சீசாவில் சேர்க்க முற்பட்டபோது, வழக்கமான மெர்த்தியோலேட் இளம்பிள்ளை வாத மருந்தைக் கெடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறொரு பாதுகாப்புப் பொருளைச் சேர்த்தார்கள்; அது இளம்பிள்ளை வாத மருந்தைக் காப்பாற்றியது; அதன் மறுபக்கமாக, கக்குவான் பகுதியின் வீரியம் சீசா அலமாரியில் இருக்கும்போதே தேய்ந்துகொண்டு போயிற்று. இதை 1962-ல் சோதித்து வெளிப்படுத்தியவர் மார்கரெட் பிட்மன் என்ற அம்மையார். அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிலையத்தில் கக்குவான் மருந்தின் அளவைகளை நிர்ணயித்தவரும் அவரே. அந்த மருந்து விற்பனையிலிருந்து மறைந்தது.

பிறகு வந்தது அச்சத்தின் காலம். முழுக்கிருமி மருந்தில் எஞ்சிய நஞ்சுகளால் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வலியும் உண்டாவது உண்மை. மூளைக்கே கேடு வரலாம் என்ற சந்தேகமும் 1970-களில் கிளம்பியது. அப்படிக் குற்றம் சாட்டப்பட்ட நோய்களில் தாங்கள் ஆராய்ந்தவற்றில் பெரும்பகுதி பிறவியிலேயே அமைந்த மரபணுக் கோளாறு என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள். ஆனால் அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. ஜப்பானில் 1974-75 குளிர்காலத்தில் இரு குழந்தைகள் ஊசிக்குப் பின் இறந்ததாகச் செய்தி வந்து, ஊசி போடுவது நிறுத்தி வைக்கப்பட்டது. 1974-ல் அந்நாட்டில் கக்குவான் கண்டவர் 393 பேர், மரணம் இல்லை. 1979-ல் கண்டவர் ஏறத்தாழ 13,000 பேர், மாண்டவர் 41 பேர். இந்தத் துயரத்தின் நடுவில்தான் யூஜி சாட்டோ, ஹிரோகோ சாட்டோ தம்பதியர், கிருமியின் உடலை ஒதுக்கிவிட்டு, அது வளர்ந்த திரவத்திலிருந்து வேண்டிய புரதங்களை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து, 1981 முதல் வழக்கிற்கு வந்த ‘உயிரணு நீக்கிய’ கக்குவான் மருந்தைப் படைத்தனர்.

சுத்தம் செய்தாயிற்று, இனி நஞ்சை அடக்க வேண்டும். இங்கேதான் இக்கட்டுரையின் மையமான சங்கடம் இருக்கிறது. கக்குவான் நஞ்சு ஆறு கண்ணிகள் கொண்ட ஒரு புரதம். ஐந்து கண்ணிகள் சேர்ந்து உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் பீடமாக அமைய, ஆறாவது உள்ளே நுழைந்து அணுவின் கட்டளைத் தொடரை முறித்துவிடுகிறது. அதை அடக்க ஃபார்மலின் சேர்த்தால், அது புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தேடிப் பற்றி, ஒன்றை மற்றொன்றோடு பிணைக்கிறது. விதியின் விசித்திரம், விஷத்தொழிலைச் செய்யும் அந்த ஆறாவது கண்ணியில் லைசினே இல்லை! எனவே ஃபார்மலினின் பிடி, கொடுமை செய்யும் பகுதியில் தளர்ந்தும், கொடுமை செய்யாத பீடத்தில் இறுகியும் விழுகிறது. குறைவாகச் சேர்த்தால் நஞ்சு காலப்போக்கில் விடுபட்டு மீண்டும் உயிர் பெறலாம், அதிகமாகச் சேர்த்தால் உடல் அடையாளம் காண வேண்டிய முகமே சிதைந்துவிடும். கருணைக்கிழங்கைப் புளித்தண்ணீர் விட்டு வேகவைக்கும் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த நிலைமை சொல்லாமலே புரியும்: குறைந்தால் நாக்கு அரிக்கும், மிஞ்சினால் கிழங்கு குழைந்து பதமிழந்து போகும். அரிப்பு எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை உண்டு. மருந்து செலுத்திய எலிக்குப் பின்னர் ஹிஸ்டமின் கொடுத்தால், அடங்காத நஞ்சு துளியளவு எஞ்சியிருந்தாலும், சாதாரண எலி பொறுத்துக்கொள்ளும் அளவுக்கே அந்த எலி மாண்டுவிடும்.

ஃபார்மலினுக்குப் பதில் குளூட்டரால்டிஹைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று வெவ்வேறு கூடங்கள் வெவ்வேறு பொருள்களைப் பிரயோகித்தன. இத்தாலியின் சியனா நகரிலோ, ரினோ ரப்புவோலி, மரியக்ராசியா பிட்சா முதலானோர் இரசாயனத்தை ஏறக்குறைய முற்றும் தவிர்க்கும் ஒரு யோசனையை 1989-ல் மெய்ப்பித்தனர். நஞ்சின் கொடிய கண்ணியை உண்டாக்கும் மரபணுவில் இரண்டே இடங்களை மாற்றி, 9-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்கு லைசினையும், 129-ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குக் கிளைசினையும் அமைத்தார்கள். அந்தக் கிருமி, பிறக்கும்போதே விஷமற்ற, ஆனால் உருவத்தில் விஷமுள்ளதை அப்படியே ஒத்த புரதத்தைச் சுரந்தது. உருவம் கெடாததால் அதிலே சிறிதளவே போதுமானதாயிற்று. தொடக்கத்தில் சொன்ன 5 மைக்ரோகிராமின் இரகசியம் இதுவே.

இதற்கு இன்னுமோர் உட்பொருளும் உண்டு. ஊசியில் ஏற்றிய புரதத்தை உடலின் காவல் அணுக்கள் விழுங்கி, நொதிகளால் துண்டு துண்டாக அரிந்து, அத்துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டினால்தான், டி-அணுக்கள் எனப்படும் தளபதிகள் அவற்றைப் பார்த்து நினைவில் பதிக்கின்றன. ஃபார்மலினால் பின்னிப் பிணைக்கப்பட்ட புரதத்தில் நொதியின் கத்தி வெட்ட வேண்டிய இடங்கள் சில மூடிப்போய்விடுகின்றன; ஆகவே சில துண்டுகள் காட்டப்படாமலே போகின்றன. கக்குவான் நஞ்சைக் கொண்டு சியனாவின் ஆய்வாளர்களே 1994-ல் இதை விளக்கினார்கள். ஆக, தொழிற்கூடத்தில் செய்யும் பக்குவம், குழந்தையின் உடலுக்குள் பிற்பாடு நடக்கும் பக்குவத்தையும் முன்கூட்டியே கட்டுப்படுத்திவிடுகிறது. சீசாவில் எத்தனை மைக்ரோகிராம் என்ற எண், இந்தத் துண்டுகள் ஒழுங்காக வெட்டப்படுமா என்று நமக்குச் சொல்வதில்லை.

சுத்திகரிப்பால் ஏற்பட்ட நஷ்டமும் இல்லாமலில்லை. முழுக்கிருமி மருந்தில் காய்ச்சல் தரும் கிருமிச் சுவரின் நச்சுப்பொருள், அதே சமயத்தில் உடலின் தற்காப்பைத் தட்டியெழுப்பும் பணியையும் செய்துவந்தது. அதை நீக்கிய புதிய மருந்தில் அலுமினிய உப்பு மட்டுமே அந்தப் பணியை ஏற்க, தற்காப்பின் சாயலே மாறிவிட்டது. அமெரிக்காவில் டாட் மெர்க்கல் குழுவினர் பபூன் குரங்குகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில், உயிரணு நீக்கிய மருந்து பெற்ற குரங்குகள் நோய்வாய்ப்படவில்லை. ஆனால் கிருமி அவற்றின் தொண்டையில் குடியேறி, கூண்டில் உடனிருந்த குரங்குக்குத் தொற்றவும் செய்தது. முழுக்கிருமி மருந்து பெற்றவை அதைவிட விரைவில் கிருமியை விரட்டின. புதிய மருந்தின் பாதுகாப்புச் சில ஆண்டுகளில் மங்கிவிடுவதும் மேல்நாடுகளில் அனுபவமாயிற்று. முழுக்கிருமி மருந்தைப் பயன்படுத்தும் நாடுகள் அதைக் கைவிட வேண்டாம் என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியதன் காரணம் இதுவே.

இந்தியாவின் அரசாங்கத் திட்டம் இன்றும் முழுக்கிருமி மருந்தையே நம்பியிருக்கிறது. நீலகிரியில் 1907 முதல் இயங்கிவரும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் மூன்றுக்குமான முத்தடுப்பு மருந்து தயாரித்துவந்த கூடங்களில் ஒன்று. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி வந்தபின், குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் அதிலும், பிறகு ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதுக்கு மேலும் முத்தடுப்பு ஊசியிலுமாகக் கக்குவான் மருந்து கிடைத்துவருகிறது. நமது கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் இந்தச் சீசா வந்து சேரும்போது, இதுவரை சொன்ன வரிசையின் கடைசிக் கண்ணி அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. 2 முதல் 8 டிகிரி வரையில் வைக்க வேண்டிய மருந்தைச் சூடு கெடுக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அதை உறைய விடுவதும் அதே அளவு கேடு என்பது பலர் அறியாதது. உறைந்தால் அலுமினிய உப்பின் நுண்துகள்கள் கட்டிபட்டு, தம்மோடு ஒட்டியிருந்த மருந்தை ஏந்தும் சக்தியை இழந்துவிடும். ஐயம் எழுந்தால், அதே தொகுதியின் சீசா ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருகவிட்டு, சந்தேகத்துக்குரிய சீசாவோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் மேசைமேல் வைத்து அரை மணி நேரம் பார்க்க வேண்டும். உறைந்தது வேகமாக அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். மற்றது வெண்மேகமாகக் கலங்கியே இருந்தால் நல்லது, அதுவும் அதேபோல் படிந்தால் அதைக் குழந்தைக்குப் போடலாகாது. எந்தக் கருவியும் வேண்டாத இந்தக் குலுக்கல் சோதனையில், மருந்து உறைந்து கெட்டிருக்கிறதா என்பது கண்ணுக்கு எதிரே தெரிந்துவிடுகிறது.

மரபணுவழியில் நஞ்சை அடக்கும் சியனாவின் முறை, வியாபாரக் காரணங்களால் நெடுநாள் ஒதுங்கிக் கிடந்தபின், தாய்லாந்தின் பயோநெட் நிறுவனத்தார் கைக்கு வந்து, 2016-ல் அந்நாட்டில் உரிமம் பெற்ற ஒரு தடுப்பூசியாயிற்று. பிரான்சில் லீல் நகரத்தில் கமீல் லோஷ்ட் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அதே 9-ஆம், 129-ஆம் இடங்களில் மாற்றம் செய்து, தோலைப் புண்ணாக்கும் நஞ்சின் மரபணுவையும் அகற்றி, மூச்சுக்குழலைக் கெடுக்கும் சிறு நஞ்சையும் குறைத்து, உயிரோடு இருக்கும் ஆனால் நோய் தராத ஒரு கக்குவான் கிருமியை அவர்கள் படைத்து, அதை ஊசியின்றி மூக்கில் தெளிக்கும் மருந்தாக்கியிருக்கின்றனர். கொல்லுவதும் இல்லை, ஃபார்மலினும் இல்லை, அலுமினிய உப்புத் துகளும் இல்லை. புரதங்கள் பிறந்த உருவிலேயே மூச்சுப்பாதையைச் சேருகின்றன. பெரியவர்களிடம் நடந்த இரண்டாம் கட்டப் பரிசோதனையின் முடிவு 2023-ல் வெளியாகி, மூக்கின் உட்புறத்திலேயே தற்காப்பு உண்டாவதைக் காட்டிற்று.